இரண்டாம் கூண்டு

நவம்பர் 4

நவம்பரில் நாட்குறிப்பு தொடங்குகிறவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோழிகளுக்கென்று வகுப்புக் குறிப்பேடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு கோகிலவாணி எழுதுகிறாள். தேதி, எடை, தீனி எல்லாம் கோடு போட்டு, அச்சடித்த மாதிரி. அதில் எழுத முடியாதவற்றுக்கு இது.

இன்றைய நிலவரம்: பழைய சைக்கிள் கொட்டகையில் இரண்டு கூண்டுகள். கூண்டுக்கு இருபத்து நான்கு, மொத்தம் நாற்பத்தெட்டு நாட்டுக்கோழிகள். மூன்று மாத வயது. எல்லாவற்றுக்கும் காலில் எண் போட்ட வளையம். குஞ்சு பொரிக்கும் பெட்டியை அறிவியல் மன்ற நிதியில் நான் அலைந்து வாங்கினேன். தலைமை ஆசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பத்தொன்பது வருடம் கரும்பலகையில் பட்டாணிச் செடி வரைந்திருக்கிறேன். நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி. இந்த ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பட்டாணிச் செடியைப் பார்த்ததில்லை. கோழியைப் பார்க்காத பிள்ளை ஒன்றும் இல்லை. இது ஏன் இத்தனை காலம் என் மண்டையில் ஏறவில்லை என்று என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

நவம்பர் 7

கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தால் நான்கு நாளாகுமாம். மின்னடுப்பில் ரசம் வைத்தேன்.

ஒன்றை மறக்காமல் எழுத வேண்டும். ஜூலையில் முட்டை சேகரிக்கும்போது கோகிலவாணியின் அம்மா மயிலாத்தாள் இருபது முட்டை கொடுத்தார். புருஷன் இல்லை. காட்டு வேலைக்குப் போவதும், வீட்டில் முப்பது கோழி வளர்ப்பதும்தான் அவர் பிழைப்பு. அவர் வீட்டுக் கோழிகளில் பாதி குட்டைக்கால். வேலி தாண்டாது, பாத்தியைக் கிளறாது. கல்யாணத்தின்போது தாய்வீட்டுச் சீரோடு பெட்டியில் வந்த ஒரு சோடியின் வம்சமாம். அவர் அம்மாவுக்கும் அப்படியே வந்ததாம். சுற்றுவட்டத்தில் வேறு எந்த வீட்டிலும் இந்தக் குட்டைக்கால் கிடையாது.

முட்டையைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "குட்டைக்குக் குட்டை சேத்தாதீங்க டீச்சர். நாலு முட்டைக்கு ஒண்ணு கூமுட்டையாப் போயிருமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொல்லி மரபணு! ஒரு பக்கம் வந்தால் கால் குட்டை, இரண்டு பக்கமும் வந்தால் முட்டைக்குள்ளேயே சாவு. புத்தகத்தில் எலியை வைத்து அரைப் பக்கம் எழுதியிருப்பதை இந்த அம்மாள் விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் கொடுத்ததை மாற்றி, வேண்டுமென்றே குட்டைக்குக் குட்டை சேர்த்த இருபது முட்டைகளை அவரிடமே வாங்கிப் பெட்டியில் வைத்தோம். ஏழாம் நாள் செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். இருபதில் ஐந்தில் இரத்த நரம்பு ஓடவில்லை. வகுப்பே கைதட்டியது. கோகிலவாணி மட்டும் அந்த ஐந்தையும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து நோட்டில் எழுதினாள்.

பொரித்த குஞ்சுகளெல்லாம் இப்போது இரண்டாம் கூண்டில். மரபியல் பாடம் இப்படி முடிந்தது. இனிப் பரிணாமம்.

நவம்பர் 14

கால்நடை ஆய்வாளர் சின்னராசு வந்தார். மருந்தைப் பனிக்கட்டி போட்ட குடுவையில் கொண்டுவந்திருந்தார். கழிச்சல் நோய்க்கான ஊசி. மழை விட்டுப் பனி இறங்கும்போது இந்தப் பக்கம் வரும், வந்தால் கூண்டோடு போகும் என்றார். இறக்கைக்கு அடியில் ஒரு குத்து. ஒன்றாம் கூண்டு இருபத்து நான்கும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பிள்ளைகள் பிடித்துக் கொடுத்தார்கள்.

இரண்டாம் கூண்டுக்குப் போனார். அதற்குப் போன வாரமே டவுன் மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டாயிற்று என்றேன். சரி என்று குடுவையை மூடினார். பள்ளிப் பதிவேட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பரிசோதனை என்றால் ஒரு பக்கத்தைத் தொடாமல் விட வேண்டும். இயற்கைத் தேர்வைப் படம் வரைந்து விளக்க முடியாது. நோய் வந்தால் எது நிற்கும், எது விழும் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். வராவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. ஆய்வாளரிடம் இதை விளக்கப் போனால் சாயங்காலம் ஆகிவிடும்.

அவர் போனபிறகு கோகிலவாணி நோட்டோடு வந்து நின்றாள். "டீச்சர், ரெண்டாங் கூண்டுக்கு என்னன்னு எழுதறதுங்க?"

உள்ளதை எழுது என்றேன். 'ஊசி இல்லை' என்று எழுதினாள்.

நவம்பர் 26

மழை. ஸ்கூட்டர் பாலத்தடியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

டிசம்பர் 3

இரண்டாம் கூண்டில் எண் 40 காலையில் கிடந்தது. கழிச்சல் பச்சையும் வெள்ளையுமாக. இன்னும் இரண்டு, கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கின்றன.

வந்துவிட்டது.

டிசம்பர் 5

ஒன்பது. பிள்ளைகள் கேட்கிறார்கள், ஒன்றாம் கூண்டில் ஏன் ஒன்றுகூட விழவில்லை என்று. அதைத்தானே பார்க்கச் சொல்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு செத்தவற்றை எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிறோம். தீனித் தட்டுகளைத் தனியாகக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 6

பதினைந்து. எண் 42 மதிய இடைவேளையில் எல்லோர் முன்னாலும் செத்தது. தலை பின்பக்கமாக வளைந்து, சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. இரண்டு பெண்கள் அழுதார்கள். இன்னொரு ஊசி போடலாமா என்று ஒருத்தி கேட்டாள். வந்தபிறகு போட்டுப் பயனில்லை என்றேன். அது உண்மைதான்.

பாடத்தை நடத்தினேன். இயற்கைக்கு அழுகை தெரியாது, தாங்குவது தங்கும், தங்குவது பெருகும் என்றேன். நான் நடத்தியதிலேயே நல்ல வகுப்பு. பின்பெஞ்சில்கூட ஒருவரும் அசையவில்லை. என்னைக் கடுமையானவள் என்று வெளியே பேசிக்கொள்வார்கள். பேசட்டும், கோழி மிதித்துக் குஞ்சு சாகாது.

டிசம்பர் 12

மூன்று நாளாகச் சாவு இல்லை. இருபத்து நான்கில் ஐந்து நிற்கின்றன. 27, 31, 33, 38, 45. இதில் 31 சிவப்புச் சேவல், குட்டைக்கால். மயிலாத்தாள் வீட்டு முட்டை. இரண்டு நாள் மூச்சிரைத்துக் கிடந்தது, எழுந்துவிட்டது. இப்போது தீனியை முதல் ஆளாகக் கொத்துகிறது.

வகுப்பில் அதைத் தூக்கிக் காட்டினேன். பார்த்துக்கொள்ளுங்கள், பாடப்புத்தகம் நடந்து வருகிறது என்றேன். சிரித்தார்கள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்கள்.

டிசம்பர் 19

அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. விடைத்தாள் கட்டு கட்டாக வருகிறது. விடுமுறைக்குள் கொட்டகையைக் காலி செய்யச் சொல்கிறார் தலைமை ஆசிரியர், நாற்றமாம். ஒன்றாம் கூண்டுக் கோழிகளைக் காவலாளி பார்த்துக்கொள்வார். இந்த ஐந்தையும் வாங்க மாட்டேன் என்கிறார், நோய்ப்பட்டது என்று.

நோய்ப்பட்டது இல்லை, நோயை வென்றது. இதை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வேறு யோசனை தோன்றியிருக்கிறது. ஐந்தையும் ஐந்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டால், விடுமுறையில் அங்கே இணைசேரும். தாங்கும் வம்சம் ஊரெல்லாம் பரவும். இதுவல்லவா பாடம்! வருகிற வருடம் மாவட்டக் கண்காட்சிக்கு இதையே வைக்கலாம். ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு.

டிசம்பர் 23

கடைசி நாள். நான்கு கோழிகளைப் பிள்ளைகள் பையில் கொண்டுபோனார்கள். 31-ஐ வாங்க மயிலாத்தாளே வந்திருந்தார். காட்டிலிருந்து நேராக வந்திருப்பார் போல, சேலையெல்லாம் நாயுருவி ஒட்டியிருந்தது. சேவலைக் கையில் வாங்கி, காலைத் தடவி, எங்க வூட்டுக் காலுதான் என்று மகிழ்ந்துபோனார். அவரிடம் இப்போது குட்டைக்காலில் சேவல் இல்லை, பெட்டைகள்தான். சேவலைப் போன ஆடியில் நாய் தூக்கிவிட்டது. நெட்டைக்கால் பெட்டைகளோடு இதை விட்டால் வம்சம் நிற்கும்.

பிறகு தயங்கினார். வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் பதினைந்து நாள் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதோடு விடுவார்களாம். இதையும் அப்படி வைக்கட்டுமா என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் வீட்டு முட்டையில் பிறந்தது, ஊரிலேயே இதைவிடத் திடமான சேவல் கிடையாது, பதினைந்து நாளைப் பஞ்சாரத்தில் வீணாக்காதீர்கள் என்றேன்.

"ஊசி போட்டதுதானுங்களே?"

கோகிலவாணி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"நீங்க சொன்னா செரிங்க" என்று சேவலை முந்தானையில் போர்த்திக்கொண்டு போனார். கோகிலவாணி பின்னாலேயே போனாள். கேட் வரைக்கும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

அந்த இடத்தில் போய் ஊசி இல்லை, பரிசோதனை என்று ஆரம்பித்தால் அந்த அம்மாளுக்கு என்ன புரியும்? ஊசி போட்டதைவிட இது மேல். அந்த அர்த்தத்தில்தான் தலையாட்டினேன்.

டிசம்பர் 29

வீட்டை ஒட்டடை அடித்தேன். அரிசியில் வண்டு, வெயிலில் காயப்போட்டேன். விடைத்தாள் நாற்பது முடிந்தது. கோகிலவாணி விலங்கியலில் முதல்.

ஜனவரி 2

பள்ளி திறந்தது. கோகிலவாணி வரவில்லை.

ஜனவரி 4

இன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டேன். அவர்கள் வீட்டுக் கோழியெல்லாம் செத்துவிட்டதாம். முப்பதும். புத்தாண்டன்று ஒன்று விழுந்ததாம், நேற்றோடு பஞ்சாரம் காலியாம். சேவல்? அது மட்டும் நிற்கிறதாம்.

மற்ற நான்கு வீடுகளையும் விசாரித்தேன். இரண்டு வீட்டில் செத்திருக்கிறது. ஒரு வீட்டில் வாங்கின அன்றே குழம்பு வைத்துவிட்டார்கள். ஒருவன் தரையைப் பார்த்தபடி நழுவிவிட்டான்.

மதியம் நூலகத்தில் கால்நடை மருத்துவப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பிழைத்து எழுந்த கோழி சில வாரங்களுக்கு எச்சத்தில் கிருமியைக் கழித்துக்கொண்டிருக்கும் என்று நான்காவது வரியில் போட்டிருக்கிறது. நான்காவது வரி. அடிக்குறிப்பில் ஒளித்துக்கூட வைக்கவில்லை.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜனவரி 6

ஊரில் இருநூறுக்கு மேல் போயிருக்கிறது. ஆய்வாளர் சின்னராசு பள்ளிக்கு வந்தார். பள்ளிக் கோழிகளுக்கு ஊசி போட்டது உண்டல்லவா என்று கேட்டார். பதிவேட்டைக் காட்டினேன். நாற்பத்தெட்டு. என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, அப்படியானால் சந்தையிலிருந்து யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். இருக்கும் என்றேன்.

டிசம்பரில் இங்கே செத்தவற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைவலி. சாப்பிடவில்லை.

ஜனவரி 8

கோகிலவாணி வந்தாள். கண் வீங்கியிருந்தது. வகுப்பில் எல்லோரும் வீட்டுப்பாடத்தைக் காட்டினார்கள், அவளும் காட்டினாள், எல்லாம் முடித்திருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஜனவரி 9

வகுப்புக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கோகிலவாணியிடமே திருப்பிக் கொடுத்தேன். கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும், மழையில் நனைந்து மை ஊறியிருக்கிறது, புது நோட்டில் சுத்தமாக எழுதிக் கொடு என்றேன். நவம்பர் 14 பக்கத்தில் இரண்டு கூண்டுக்கும் 'ஊசி போடப்பட்டது' என்று எழுதச் சொன்னேன். பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா.

சரிங்க டீச்சர் என்றாள்.

ஜனவரி 11

புது நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு அடித்தல் இல்லை. பழைய நோட்டையும் கேட்டு வாங்கினேன். சாயங்காலம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். பழைய காகிதம் வீட்டில் சேர்ந்தால் கரையான் வரும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் என்று பிள்ளைகளை எத்தனை முறை திட்டியிருப்பேன்.

ஜனவரி 12

சத்துணவுச் சமையலம்மாள் சொன்னது. நேற்று முனியப்பன் கோயிலில் ஊர் கூடியிருக்கிறது. பொங்கலுக்கு நேர்ந்துவிட்டிருந்த சேவல்கள் எல்லாம் செத்துப்போனதில் ஆளாளுக்குக் கோபம். முதலில் செத்தது மயிலாத்தாள் வீட்டில். அதனால் அவர்தான் சந்தையில் நோய்க்கோழி வாங்கி ஊருக்குள் விட்டார் என்று பேச்சு. அப்படி இல்லையென்றால் கற்பூரத்தை அணைத்து, சீக்கு எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யட்டும் என்றிருக்கிறார்கள். அப்படிச் செய்துவிட்டால் பேச்சு அதோடு தீர்ந்துபோகும், இந்த ஊர் வழக்கம் அது.

அவர் கற்பூரத் தட்டு வரைக்கும் வந்திருக்கிறார். நின்றிருக்கிறார். பிறகு, சந்தைக்குப் போகலை, அதை வேணும்னா சத்தியம் பண்ணறேன், மத்ததைப் பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாராம். அப்புறம் என்ன, அவர்தான் என்று முடிவாகிவிட்டது. பொங்கலுக்குக் கோயில் பக்கம் வரக்கூடாது என்றும், யாரும் அவரைக் காட்டு வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்றும் பேசியிருக்கிறார்கள்.

எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருந்தால் தீர்ந்தது. வீம்புக்காரி.

ஜனவரி 15

பொங்கல். தனியாக வைத்தேன். பால் பொங்கியது.

ஜனவரி 17

கிராமத்து வழியாகப் போக வேண்டியிருந்தது. கறி நாளில் எல்லா வீட்டிலும் கோழிதான் அடிப்பார்கள். இன்று டவுனிலிருந்து பண்ணைக்கோழிக் கறியைப் பாலிதீன் பையில் தூக்கிக்கொண்டு வண்டிகள் போயின. மயிலாத்தாள் வீட்டு வாசலில் கோலம் இல்லை. பஞ்சாரம் நாலும் கவிழ்ந்து கிடந்தன. நான் வண்டியை நிறுத்தவில்லை.

ஜனவரி 21

செய்முறைத் தேர்வு பிப்ரவரி 6 என்று சுற்றறிக்கை. வேதிப்பொருள் பட்டியல் அனுப்ப வேண்டும். நுண்ணோக்கி இரண்டில் விளக்கு இல்லை.

கோகிலவாணி தினமும் வருகிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். முன்பெல்லாம் பாடம் முடிந்தபிறகு மேசைக்கு வந்து ஏதாவது கேட்பாள். இப்போது மணி அடித்ததும் போய்விடுகிறாள். போகும்போது மறக்காமல் வணக்கம் சொல்கிறாள்.

ஜனவரி 25

நாலு நாளாகத் தூக்கம் சரியில்லை. சொல்லிவிட வேண்டும். அந்த அம்மாளுக்கு மட்டுமாவது சொல்லிவிட வேண்டும். திட்டட்டும், சாபம் விடட்டும். அந்தச் சேவலில் ஒன்றுமில்லை என்று நம்பித்தானே வாங்கிக்கொண்டு போனார். எதனால் போயிற்று என்று தெரியாமலேயே அவர் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஜனவரி 27

சனி, விடுமுறை. போனேன்.

மயிலாத்தாள் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடரியை வைத்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார். கோகிலவாணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செத்த கோழிகள்மேல் தூவிய சுண்ணாம்பு மணம் இன்னும் போகவில்லை. சேவல் இல்லை. மற்றதெல்லாம் போனபிறகு அது மட்டும் கூவிக்கொண்டிருந்ததைக் கேட்க முடியவில்லை, அறுத்துப் புதைத்துவிட்டேன் என்றார். ஆக, அந்தக் குட்டைக்கால் இனி எங்கேயும் இல்லை.

இரண்டாம் கூண்டுக்கு ஊசி போடவே இல்லை என்று சொன்னேன். சேவல்தான் நோயைக் கொண்டுவந்தது, கொடுத்தது நான், உங்களிடம் தலையாட்டியதும் நான் என்றேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியுமுங்க" என்றார். "மொதக் கோழி விழுந்த அன்னைக்கே வாணி சொல்லிப்போட்டா. சேவலை வாங்கறப்பவே சொல்லாம வுட்டுட்டனேன்னு அவ தலைல தலைல அடிச்சுக்கிட்டா."

அப்படியானால் கோயிலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சாமி முன்னால தெரியாதுன்னு எப்படிங்க சொல்றது? தெரியுமே."

தெரியும் என்று சொல்லியிருக்கலாமே, என் பேரைச் சொல்லியிருக்கலாமே.

அவர் என்னை ஏதோ விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"என்ற புள்ளைக்கு நீங்கதானுங்களே மார்க்குப் போடோணும்."

தண்ணீர்ச் சொம்பைக் கட்டிலடியில் வைத்தேன். பிறகு அவர், செய்முறைப் பரிட்சை எப்பங்க என்று கேட்டார். ஆறாந் தேதி என்றேன். அதுவரைக்கும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம், புள்ள படிப்பு முடியட்டும், கோழி போனது போயிடுச்சு என்றார். என்னிடம் கெஞ்சினார். நான் கெஞ்சப் போயிருந்தேன்.

எழுந்து வரும்போது கூடவே கேட் வரை வந்தார். வெயிலில் வந்திருக்கீங்க, மோராச்சும் குடிச்சுட்டுப் போயிருக்கலாம் என்றார்.

ஜனவரி 29

இரண்டு நாள் யோசித்தேன். அவர் கேட்டுக்கொண்டதற்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எழுதப் பார்த்தேன். எழுத வரவில்லை. எனக்கு வசதியாக இருப்பதையெல்லாம் இந்த நோட்டில் வேறு பெயர் வைத்துத்தான் எழுதி வந்திருக்கிறேன். நவம்பர் 14-இலிருந்து திருப்பிப் படித்துப் பார்த்தேன். பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதாம்.

சாயங்காலம் கோயில் திடலுக்குப் போனேன். பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக் கோழியிலிருந்துதான் நோய் வந்தது, ஊசி போடாதது என் தப்பு, அந்தப் பெண்மேல் குற்றமில்லை என்றேன்.

யாரும் கோபப்படவில்லை. ஊர்த்தலைவர் எழுந்து எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "உங்களுக்குப் பெரிய மனசுங்க டீச்சர். உங்க கிட்டப் படிக்கற புள்ளைக்காகப் பழிய நீங்க ஏத்துக்கறீங்க. ஆனா ஊசி போட்டதை ஆய்வாளரே வந்து புஸ்தகத்துல பாத்துட்டுப் போனாருங்களே."

நோட்டு இருக்கிறது, பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பழைய நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புது நோட்டில் இரண்டு கூண்டுக்கும் ஊசி போட்டிருக்கிறது, கோகிலவாணியின் கையெழுத்தில். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டாம் கூண்டுக்கும் ஊசி போட்டதாகத்தான் நினைப்பு. உண்மையைச் சொல்ல இனி அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு அந்தக் கற்பூரத் தட்டு முன்னால் நிறுத்த என்னால் முடியாது.

காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 2

கேஸ் வந்தது. நுண்ணோக்கி விளக்கு வந்தது.

பிப்ரவரி 6

செய்முறைத் தேர்வு. வெளித்தேர்வாளர் வேறு மாவட்டத்துக்காரர், நிதானமான மனிதர். வாய்மொழிக் கேள்விகளை அவரே கேட்டார். நான் ஓரமாக நின்றேன்.

கோகிலவாணியிடம், கொல்லி மரபணுவுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல் என்றார். எல்லோரும் எலியைச் சொல்லியிருந்தார்கள். அவள் குட்டைக்கால் கோழி என்றாள். குட்டைக்குக் குட்டை சேர்த்தால் நாலில் ஒன்று முட்டைக்குள்ளேயே சாகும், பிழைத்த குஞ்சில் இரண்டுக்கு ஒன்று என்று விகிதம் வரும் என்று காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினாள். அவர் ஆச்சரியப்பட்டார். பாடத்தில் இது இல்லையே, எங்கே பார்த்தாய் என்றார்.

"எங்க வூட்டுலைங்க சார். இப்ப இல்லைங்க."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. முழு மதிப்பெண் அவரே போட்டார், நான் பேனாவை எடுப்பதற்கு முன்னாலேயே. அது அவள் சம்பாதித்தது. ஒரு அரை மதிப்பெண்கூட யாரும் போட்டுக் கொடுத்ததில்லை. ஆனால் மதிப்பெண் வந்து பார்க்கும் நாளில், அம்மா வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் கிடைத்தது என்றுதான் அவள் நினைப்பாள். இல்லை என்று நான் சொன்னால் நம்புவாளா? நான் தலையாட்டியதை அவள் பார்த்திருக்கிறாள்.

கடைசியாக வெளியே போகும்போது எனக்கு வணக்கம் சொன்னாள்.

பிப்ரவரி 7

மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டு, அரக்கு வைத்து, மதியம் அனுப்பியாகிவிட்டது. வெளித்தேர்வாளர் கையெழுத்தும் இருக்கிறது. இனி அதில் யாரும் ஒரு எழுத்தை மாற்ற முடியாது, நான் உட்பட.

தலைமை ஆசிரியரிடம் எழுத்துமூலம் கொடுத்தேன். படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தார். ஓய்வு பெற ஏழு வருடம் இருக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு டீச்சர், ஊரும் மறந்துபோச்சு என்றார். ஊர் மறக்கவில்லை. மயிலாத்தாளை இந்த வாரமும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

சான்று வேண்டுமென்றால் இந்த நாட்குறிப்பு இருக்கிறது. நவம்பர் 14 இருக்கிறது, டிசம்பர் 23 இருக்கிறது, அடுப்பில் போட்டதும் இருக்கிறது. நாளை காலை எட்டு மணிக்கு ஆய்வாளர் சின்னராசு மருந்தகத்தைத் திறப்பார். இதை அவர் கையில் கொடுத்துவிட்டு, கோயில் திடலில் அவரையே வாசிக்கச் சொல்லப்போகிறேன். அந்த அம்மாளை வீம்புக்காரி என்று எழுதிய பக்கத்தையும் சேர்த்து.

ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டு வைத்திருக்கிறேன்.